மூணு மஞ்சள் புள்ளி, ஒரே ஒரு என்.எம்.ஆர். கட்டணம்

மாசிக் கடைசியில் கோபியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். எம்.எஸ்சி. வேதியியல், கடைசிப் பருவம். தோட்டத்தில் அப்போதுதான் வெட்டி, வேகவைத்து, காயப்போட்டிருந்த மஞ்சளையே புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மாமா, குர்குமின்னா ஒன்னுதான் வரும்னு நெனச்சனுங். டி.எல்.சி. தட்டுல மூணு மஞ்சப் புள்ளி வருதுங். ஒரே ஒரு என்.எம்.ஆருக்குத்தான் காசு தருவாங்களாமா. எதைங் அனுப்பறது?"

"இப்போதைக்கு எதையும் அனுப்பாத அம்முணி" என்றேன்.

குர்குமின் மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். டி.எல்.சி. என்பது கலவையை ஒரு சின்னத் தட்டில் புள்ளி புள்ளியாகப் பிரித்துக்காட்டும் சோதனை. என்.எம்.ஆர். என்பது காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைப் படிக்கும் கருவிச் சோதனை. அன்று போனில் சொன்னதும், அடுத்த ஒரு மாதம் அவளோடு சேர்ந்து யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை. பேச்சு மஞ்சளைப் பற்றியது என்றாலும், எந்தக் கரிமச் சேர்மத்தைப் பிரித்தெடுப்பவருக்கும் இந்த இரண்டு கேள்விகள் வரும். எந்த வழியில் சுத்தம் செய்வது? எந்த நிறமாலைக்கு, அதாவது ஆளை அடையாளம் காட்டும் எந்தக் கருவிச் சோதனைக்குக் காசு கட்டுவது? இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதன் செலவு பாதியாகிவிடும்.

முதலில் அந்த மூன்று புள்ளிகள் யார் என்று பார்க்கலாம். குர்குமினில் 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பென்சீன் வளையம், நடுவில் ஏழு கார்பன் சங்கிலி. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு ஹைட்ராக்சி (OH), ஒரு மெத்தாக்சி (OCH₃). ஒரு பக்கத்து மெத்தாக்சி மட்டும் இல்லையென்றால் அது டிமெத்தாக்சிகுர்குமின். இரண்டு பக்கமும் இல்லையென்றால் பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின். மூலக்கூறு எடை முறையே 368, 338, 308. வாய் வலிக்கும் பெயர்கள் என்பதால் எங்களுக்குள் பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்றே வைத்துக்கொண்டோம். சந்தையில் குர்குமின் என்று விற்கும் பொடியிலும் மூவரும் சேர்ந்தே இருப்பார்கள். பெரியவள் 77 சதவீதம், நடுவுள்ளவள் 17, சின்னவள் 6 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

மூன்று புள்ளிகளைப் பார்த்து அவள் குழம்பியதில் தப்பில்லை. 1815-இல் வோகலும் பெல்லத்தியேவும் மஞ்சளிலிருந்து அந்த நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பை மிலோபெட்ஸ்கா, கோஸ்டனெட்ஸ்கி, லாம்பே மூவரும் சொன்னது 1910-இல். இடையில் 95 வருடம். மஞ்சள் நிறப்பொருள் தனி ஆள் இல்லை, கூடவே இரண்டு தங்கைகள் உண்டு என்று கே.ஆர். ஸ்ரீனிவாசன் கலவையைப் பிரிக்கும் வண்ணப்பிரிகை முறையில் காட்டியது 1953-இல். அத்தனை வருடம் எடுத்த வேலையை ஒரு விரல் நீளத் தட்டு இன்று கால் மணி நேரத்தில் காட்டிவிடுகிறது.

சரி, சுத்தம் செய்யும் வழிகளுக்கு வருவோம்.

பொடியை முதலில் ஹெக்சேன் கரைப்பானில் சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பொடிமேல் ஓடவிடும் கண்ணாடிக் கருவி) ஓட்டி எண்ணெயையும் பிசினையும் கழுவிவிட வேண்டும். அப்புறம் அசிட்டோனிலோ எத்தனாலிலோ நிறத்தை இறக்கலாம். இதில் தேர்வு செய்ய ஒன்றும் இல்லை. ஹெக்சேன் கழுவலைச் சோம்பலில் விட்டுவிட்டால் மட்டும் பின்னால் படிகம் விழாமல் களிம்பாக நிற்கும். 100 கிராம் பொடியில் நிறப்பொருள் 3 சதவீதம் இருக்கிறது என்று வைத்தால் அதிகபட்சம் 3 கிராம். அதில் பாதி கைக்கு வந்தாலே நல்ல கைராசி.

அடுத்தது மறுபடிகமாக்கலா, காலமா? ஆய்வகத்தில் யாரும் 'நிரல் வண்ணப்பிரிகை' என்று சொல்வதில்லை, 'காலம் போடறது' என்றுதான் சொல்வார்கள். சிலிக்காப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கலவையை மேலே ஏற்றி, கரைப்பான் ஊற்றிப் பிரித்து இறக்குவதுதான் அது. பேர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. காலம் போட்டால் காலம் போகும்.

மறுபடிகமாக்கல் கற்கண்டு செய்கிற வேலைதான். பாகை ஆறவிட்டால் சர்க்கரை தன் இனத்தோடு மட்டும் அடுக்கி நின்று கட்டியாகும், அழுக்கு பாகிலேயே தங்கிவிடும். குர்குமினைக் கொதிக்கும் எத்தனாலில் மட்டுமட்டாகக் கரைத்து, வடிகட்டி, ஆடாமல் அசையாமல் ஆறவிட்டால் ஆரஞ்சு மஞ்சள் ஊசிகளாக விழும். செலவு எத்தனாலும் ஒரு ராத்திரியும்தான். கிராம் கணக்கில் பொருள் வேண்டுமென்றால் இதை விட்டு வேறு வழிக்குப் போகவே கூடாது.

ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. அழுக்கு வேற்றாளாக இருந்தால் படிகம் அதை வெளியே தள்ளும். உடன்பிறந்தவளாக இருந்தால்? நடுவுள்ளவளுக்கும் பெரியவளுக்கும் ஒரே ஒரு மெத்தாக்சிதான் வித்தியாசம். அடுக்கில் அவளும் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்வாள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரியவளின் பங்கு ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் பொருளில் ஒரு பகுதி, படிகம் போக மிஞ்சும் தாய்க்கரைசலோடு போகும், நடுவுள்ளவளும் முழுசாகப் போயிருக்க மாட்டாள். உருகுநிலை நல்ல சாட்சி. சுத்தமான குர்குமின் 183 டிகிரி செல்சியஸ் அருகே, ஒன்றிரண்டு டிகிரிக்குள் உருகி முடிய வேண்டும். 170-இல் தளர ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போனால் தங்கைகள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

காலம் அப்படியில்லை. சிலிக்கா ஜெல் இந்த மூவரையும் எளிதாக அடையாளம் காணும். காரணம் அழகானது. பெரியவளின் ஹைட்ராக்சி பக்கத்தில் இருக்கும் மெத்தாக்சியோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்துக்கொண்டிருப்பதால் சிலிக்காவை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதனால் முதலில் இறங்கிவிடுவாள். சின்னவளின் இரண்டு ஹைட்ராக்சியும் சும்மா இருப்பவை, சிலிக்காவை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசியில்தான் வருவாள். மூவருக்கும் நிறம் இருப்பதால் யு.வி. விளக்கு தேவையில்லை. கண்ணெதிரே மூன்று மஞ்சள் பட்டைகள் பிரிந்து இறங்குவதைப் பார்க்கலாம். முதல்முதல் காலம் போடுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது.

300 மில்லிகிராம் கலவைக்கு 15 கிராம் சிலிக்கா, அதாவது 50 மடங்கு, போதும். கலவையை அசிட்டோனில் கரைத்து, கொஞ்சம் சிலிக்காவில் ஊற்றி உலர்த்தி, பொடியாக மேலே தூவி ஏற்றுவது நல்லது. பட்டை வால் விட்டால் கரைப்பானில் சில துளி அசிட்டிக் அமிலம் சேர்க்கலாம். 1978-இல் ஸ்டில் என்ற வேதியியலாளர் எழுதிக்காட்டிய முறையில் மேலிருந்து லேசான காற்றழுத்தம் கொடுத்தால் அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். மீன் தொட்டிக் காற்றுப் பம்பு வைத்தே இதைச் செய்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகங்கள் டைகுளோரோமீத்தேன், மெத்தனால் கலவையைச் சொல்லும். பிரிப்பதும் நன்றாகப் பிரிக்கும். டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை 40 டிகிரி. பங்குனி மத்தியானத்தில் ஈரோட்டுப் பக்கம் வெயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். காலத்துக்குள் குமிழி கிளம்பி, சிலிக்கா விரிசல் விட்டு, மூன்று பட்டையும் கோணல்மாணலாக இறங்கும். குளிர்நாட்டில் எழுதிய செய்முறைக்கு நம் வெயில் தெரியாது. இரண்டு வழி இருக்கிறது. விடிகாலை ஆறு மணிக்கு ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லி எட்டரைக்குள் முடித்துவிடலாம். இல்லையென்றால் ஹெக்சேன், எத்தில் அசிடேட் கலவைக்கு மாறலாம். அவற்றின் கொதிநிலை 69, 77. பிரிவு கொஞ்சம் சுமார்தான், ஆனால் காலம் உடையாது. அக்கா மகள் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தாள். வாட்ச்மேன் அண்ணாவுக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

தயாரிப்பு ஹெச்.பி.எல்.சி. என்று மூன்றாவது ஒரு வழி உண்டு. பம்பு உயர் அழுத்தத்தில் கரைப்பானைத் தள்ளும் கருவிக் காலம் அது. பிரிவில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு ஓட்டத்துக்குக் கிடைப்பது மில்லிகிராம் கணக்கில், கரைப்பான் செலவோ லிட்டர் கணக்கில். கண்ணுக்குத் தெரியும் மூன்று பட்டைகளுக்கு அது ஆடம்பரம். பதங்கமாக்கலைப் பற்றியும் அவள் கேட்டாள். வால்பாறைத் தேயிலைத் தூளிலிருந்து காபீன் எடுப்பதாக இருந்தால் அதுதான் முதல் யோசனை. உருகாமலே ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் வெள்ளை ஊசியாகப் படியும். குர்குமினை அப்படிச் சூடாக்கினால் கரிதான் மிஞ்சும்.

ஆகவே படிகமா காலமா என்று கேட்பதே கொஞ்சம் தப்பான கேள்வி. பெரியவளைப் படிகமாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடாமல் அதைக் காலத்தில் போடுங்கள். தங்கைகள் இருவரும் அங்கேதான் கூடியிருப்பார்கள். நேரடியாக 300 மில்லிகிராம் கலவையைக் காலத்தில் போட்டால் சின்னவளின் பங்கு 6 சதவீதக் கணக்கில் 18 மில்லிகிராம்தான். தாய்க்கரைசலிலிருந்து போனால் அதே சிலிக்காவில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். பெரும்பாலான புராஜெக்ட் அறிக்கைகளில் இந்தத் தாய்க்கரைசல் ஒரே வாக்கியத்தில் மறைந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

பிரித்ததை அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வையுங்கள், வெளிச்சம் ஆகாது. காரமும் ஆகாது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆய்வகத்தில் அந்தச் சிவப்பு வந்தால் குர்குமின் உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சோப்புத் தண்ணீரில் கழுவி அரைகுறையாக அலசிய கண்ணாடியே அதற்குப் போதும்.

இனி நிறமாலைகள். இங்கேதான் காசு கரையும்.

பொருள் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யு.வி. கருவி எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. குர்குமின் 425 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். தங்கைகளும் அதையொட்டி, ஒரு சில நானோமீட்டர் தள்ளித்தான் உறிஞ்சுவார்கள். ஆகவே மூவரையும் கூட்டி எவ்வளவு என்று கேட்டால் யு.வி. சொல்லும், யார் யார் என்று கேட்டால் கைவிரித்துவிடும். மஞ்சள் வாங்குகிறவர் கேட்கும் 'குர்குமின் சதவீதம்' பெரும்பாலும் இந்த மொத்தக் கணக்குதான். ஈரோட்டு மண்டியில் விரலியை ஒடித்து, கணீர் என்ற சத்தத்தையும் உள்நிறத்தையும் பார்த்து விலை சொல்லும் வியாபாரிக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். கலப்படத்துக்குப் போடும் மெட்டானில் மஞ்சள் சாயமும் இதே நீல ஒளிப் பகுதியில் உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டுப் பாருங்கள். அந்தச் சாயம் இருந்தால் கத்தரிப்பூச் சிவப்பு வரும்.

அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் ஐ.ஆரும் மலிவுதான். அது ஹைட்ராக்சி, கார்பனைல் (C=O) போன்ற செயல்தொகுதிகளைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. மூவரின் ஐ.ஆரும் ஒரே அச்சு போலத்தான் இருக்கும். பிள்ளைகள் 1700 செ.மீ.⁻¹ அருகே கார்பனைல் பட்டையைத் தேடிவிட்டு, இல்லையே என்று பயந்துபோவார்கள். பயப்பட வேண்டாம். குர்குமின் ஈனால் வடிவில் (ஒரு கார்பனைல் ஹைட்ராக்சியாக மாறிய வடிவில்), உள்ளுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்போடு இருப்பதால் அந்தப் பட்டை 1628 அருகே இறங்கி நிற்கும். அறிக்கையில் ஒரு பக்கம் நிரப்ப ஐ.ஆர். நல்லது, முடிவெடுக்க அல்ல.

அடுத்தது மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ். இங்கே நம் பக்கத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. திருப்பூரில் துணிச் சோதனைக் கூடங்கள் உண்டு. ஏசோ சாயங்கள் உடைந்து வரும் தடைசெய்யப்பட்ட அமீன்களைப் பிடிக்க அங்கே ஜி.சி.-மாஸ் கருவி வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று குர்குமினைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஜி.சி.க்குப் பொருள் ஆவியாக வேண்டும். குர்குமின் ஆவியாகாது, சூட்டில் உடையும். கிடைப்பது அதன் துண்டுகளின் நிறமாலையாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் ஹெக்சேனில் கழுவினோமே, அந்த எண்ணெய்க்கு ஜி.சி.-மாஸ் அருமையான கருவி. அதில் ஆர்-டர்மெரோன் என்ற பொருள் 216 எடையில் பளிச்சென்று வரும்.

குர்குமினுக்கு வேண்டியது, கரைசலை மின்னழுத்தத்தில் தெளித்து அயனியாக்கும் மின்தெளிப்பு மாஸ். ஜான் பென் அதை உருவாக்கியதற்காக 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இதில் மூவரும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் அயனி கூடி 369, 339, 309 என்று 30 இடைவெளியில் படிக்கட்டுபோல் நிற்பார்கள். ஒவ்வொரு படியும் ஒரு மெத்தாக்சி போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்த கணக்கு. ஒரு மில்லிகிராம் கூடத் தேவையில்லை. ஆனால் உச்சங்களின் உயரத்தை வைத்து எவ்வளவு சதவீதம் என்று எழுதிவிடக் கூடாது, மூவரும் ஒரே அளவில் அயனியாவதில்லை. இன்னொன்று, 368 என்ற எடையைச் சொல்லுமே தவிர, மெத்தாக்சி வளையத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மாஸ் மட்டும் சொல்லாது.

ஒரே ஒரு கட்டணத்துக்குத்தான் வழி என்றால் என் ஓட்டு, ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆருக்கு. அமைப்பையும் சுத்தத்தையும் ஒரே தாளில் சொல்வது அது ஒன்றுதான். 1952-இல் என்.எம்.ஆருக்காகப் பிளாக்கும் பர்செல்லும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். அதே வருடம் வேதியியல் நோபல் பங்கீட்டு வண்ணப்பிரிகைக்காக மார்ட்டினுக்கும் சிங்குக்கும் போனது. பிரிப்பதற்கும் அறிவதற்கும் ஒரே வருடத்தில் மரியாதை செய்திருக்கிறார்கள்.

டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் குர்குமினின் கணக்கு பி.பி.எம். அளவில் இப்படி வரும். 3.84-இல் மெத்தாக்சியின் ஆறு ஹைட்ரஜன்கள். 6.06-இல் நடுக்கார்பனின் ஒற்றை ஹைட்ரஜன். 6.75-இலும் 7.55-இலும் இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜன்கள், அவற்றின் பிளவு கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ். அதனால் டிரான்ஸ், அதாவது இரண்டு ஹைட்ரஜனும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் அமைப்பு என்று அடித்துச் சொல்லலாம். இப்போது முக்கியமான இடம். சுத்தமான பெரியவளில் மெத்தாக்சிக்கும் நடு ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 6-க்கு 1. முன்னே சொன்ன 77, 17, 6 கலவையை அப்படியே அனுப்பியிருந்தால்? 6 பெருக்கல் 0.77, கூட்டல் 3 பெருக்கல் 0.17. விடை 5.1. அவசரக் கண்ணுக்கு 5.1 என்பது 'ஏறக்குறைய 6'. உச்சங்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதால் அறிக்கை எழுதி, வைவா முடித்து, பட்டமும் வாங்கிவிடலாம். மூணு புள்ளியை முதலில் பிரி என்று நான் ஒற்றைக்காலில் நின்றது இதற்குத்தான்.

நானே பட்டிருக்கிறேன். என் ஆய்வு நாட்களில் சரியாக உலர்த்தாத ஒரு பொருளை அவசரமாக அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்த தாளில் 4.1, 2.0, 1.3 அருகே மூன்று அழகான உச்சங்கள். புதிதாக ஒரு எத்தில் தொகுதி கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மாதம் அமைப்பு வரைந்துகொண்டிருந்தேன். அது காலத்தில் ஓட்டிய எத்தில் அசிடேட். வழிகாட்டி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிடப் பம்பைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கார்பன் என்.எம்.ஆர். வேண்டுமா? கோடுகளை எண்ணும் சுகம் அதில் உண்டு. பெரியவள் இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் 21 கார்பனுக்கு 11 கோடுகள்தான். சின்னவளுக்கு 8. நடுவுள்ளவள் ஒருபக்கம் சாய்ந்தவள், அவளுக்கு 18. கோடுகளை எண்ணியே ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் 20, 30 மில்லிகிராம் கேட்கும், கருவி நேரமும் அதிகம், கட்டணமும் அதற்கேற்ப. நம் மூவரும் ஏற்கெனவே தெரிந்த சேர்மங்கள். உருகுநிலை, மாஸ், புரோட்டான் மூன்றும் வெளிவந்த அளவுகளோடு பொருந்தினால் அதுவே போதுமான சாட்சி. முன்பின் தெரியாத சேர்மம் கைக்கு வந்தால் கதை வேறு. அப்போது கார்பனும் இருபரிமாண என்.எம்.ஆரும் இல்லாமல் அமைப்பு எழுதவே கூடாது. நல்ல ஒற்றைப் படிகம் கிடைத்தால் எக்ஸ்ரே கேள்விக்கே இடமில்லாமல் முடித்துவைக்கும்.

இந்த வசதிகள் எதுவும் இல்லாமலே அமைப்பு கண்டவர்கள் உண்டு. காவிரிக்கரைக் குளித்தலையில் 1900-இல் பிறந்த வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்திரி, பிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருட்களில் செய்த வேலையின் பெரும்பகுதி, மூலக்கூறை உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, திரும்பச் சேர்த்துப் பார்க்கிற வழியில் நடந்தது. அந்த வழிக்கு வேண்டியதெல்லாம் கிராம் கணக்கில் சுத்தமான பொருளும் பொறுமையும்தான்.

பங்குனிக் கடைசியில் அவளிடம் இருந்தது இவ்வளவு: 182-இலிருந்து 183-க்குள் உருகும் ஊசிகள் 1 கிராமுக்குக் கொஞ்சம் மேல், நடுவுள்ளவள் 40 மில்லிகிராம், சின்னவள் 22. ஒரு என்.எம்.ஆர். கட்டணம் இன்னும் செலவாகாமல் அப்படியே இருந்தது.

"பெரியவளுக்கு உருகுநிலையும் தட்டுல ஒத்தைப் புள்ளியும் இருக்குதுங். சின்னவளுக்கு மெத்தாக்சியே இருக்கக் கூடாது, 309-ல வந்தாப் போதும்னு மாஸுக்கு மட்டும் விட்டுட்டனுங். நடுவுள்ளவளைத்தாங் என்.எம்.ஆருக்கு அனுப்பறேன். அவதான் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி, தட்டுலயும் ரெண்டு பேருக்கு நடுவால மாட்டியிருந்தா" என்றாள்.

நான் பெரியவளைத்தான் சொல்வதாக இருந்தேன். ஆறு மில்லிகிராமைச் சின்னக் குப்பியில் போட்டு, அலுமினியத் தாள் சுற்றி, மறுநாள் காலை கோவை பஸ்ஸில் ஏறினாள்.